வண்டித்தொடரும் அக்காவின் சேலையும்

அந்தப் புத்தகத்தை நான் கையில் எடுத்ததற்கு ஒரே காரணம் அட்டையில் இருந்த வண்டி. மேலே வெள்ளைத் துணி போர்த்திய கூண்டு வண்டி. நம் ஊர்க் கூண்டு வண்டிக்கு அமெரிக்காவில் ஒரு தூரத்துச் சொந்தம் இருக்கிறதே என்று எடுத்துப் புரட்டினேன். 1998-ல், ஒரு சனிக்கிழமை மத்தியானம், அமெரிக்காவில் நான் குடியிருந்த மான்மவுத் ஜங்ஷனுக்குப் பக்கத்து நூலகத்தில். சனிக்கிழமைகளில் வீட்டில் பேச ஆள் கிடையாது, அதனால் நூலகத்துக்குப் போய்விடுவேன். அங்கேயும் யாரும் பேசமாட்டார்கள். ஆனால் அங்கே பேசாமல் இருப்பது சட்டம் என்பதால் மனசு அவ்வளவாகக் கஷ்டப்படாது.

நாங்கள் மூன்று பேர், மூன்று ஊரில் இருந்தோம். என் கணவருக்கு டெக்சஸில் பிராஜெக்ட். எனக்கு ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கியில் வேலை. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் குழம்பிப்போகும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த சமயம். பழைய புரோகிராம்களைத் திறந்து, வருஷத்துக்கு இரண்டு இலக்கம் இருக்கிற இடத்திலெல்லாம் நாலு இலக்கம் போடுவதற்காக எங்களைக் கப்பல் கப்பலாக, அதாவது விமானம் விமானமாக, இறக்கியிருந்தார்கள். மகள் ஈரோட்டில், என் அக்கா வீட்டில் இருந்தாள். அவளை விட்டுவிட்டு வந்தபோது அவளுக்கு இன்னும் ஒரு வயதுகூட முடியவில்லை.

இதைச் சொன்னதும் சிலர் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்கிறார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அந்தக் காலத்தில் எங்களில் பாதிப் பேர் செய்ததுதான் இது. இருவருக்கும் வேலை, ஆளுக்கொரு மாநிலம், சனி ஞாயிறும் டெஸ்டிங், எந்த வாரம் எந்த ஊருக்கு மாற்றுவார்கள் என்று தெரியாது. "ஆறு மாசம், அப்புறம் கூட்டிட்டுப் போயிடுவோம்" என்று எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு விமானம் ஏறினோம். எங்கள் அபார்ட்மெண்ட் வரிசையில் பல வீடுகளில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு குழந்தையின் போட்டோ இருக்கும், வீட்டுக்குள் குழந்தை இருக்காது. புதிதாக யாரைப் பார்த்தாலும் "குழந்தை எங்கே" என்று கேட்பதில்லை. "யார்கிட்ட விட்டிருக்கீங்க?" என்றுதான் கேட்பார்கள். பதில் வந்ததும் தலையை ஆட்டிவிட்டு, டீ போடலாமா என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

நான் அக்காவிடம் விட்டிருந்தேன். எனக்கு அம்மா இல்லை. மாமியாருக்கு முழங்கால் சரியில்லை. அக்காவுக்குப் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பையன்கள், வீடு முழுக்க வேலை. ஆனாலும் யாரும் கேட்பதற்கு முன்பே, "எங்கிட்ட உட்டுட்டுப் போ கண்ணு. ரெண்டோட மூணு" என்றாள்.

கிளம்பிய அன்று மகள் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். தூளி என் சுங்குடிச் சேலையில் கட்டியது. பாக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி. நிறைமாதத்தில் வேறு எதுவும் உடம்பில் ஒட்டாமல் அந்த ஒரு சேலையைத்தான் துவைத்துத் துவைத்துக் கட்டினேன். பிறகு அதிலேயே அவளைப் போட்டேன். "எழுப்பாத. அழுதான்னா உனக்குக் காலு நகராது" என்றாள் அக்கா. துணிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த ஒரு குட்டிப் பாதத்தைத் தொட்டுவிட்டு நான் காரில் ஏறினேன்.

புத்தகத்துக்கு வருகிறேன். தினமும் காலையில் ரயிலில் நியூவர்க் வரை போய், அங்கே வேறு ரயில் மாறி ஜெர்சி சிட்டி போக வேண்டும். போக வர அதைப் படித்தேன். வண்டிக்காரர்களின் கதை என்று நினைத்துத் திறந்தது கொலைக் கதையாக இருந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், ஆர்கன்சாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வண்டி கட்டிக்கொண்டு, மாடு கன்றுகளை ஓட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்குப் போகிறார்கள். அங்கே நல்ல நிலம் இருக்கிறதாம். பாதி வழிக்கு மேல் வந்தபின், தண்ணீரும் புல்லும் உள்ள ஒரு பள்ளத்தாக்கில் இளைப்பாறும்போது அந்தப் பக்கத்து ஆட்கள் சுற்றி வளைத்துச் சுடுகிறார்கள். வண்டிகளை வட்டமாக நிறுத்தி, நடுவில் பள்ளம் தோண்டி, நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கிறார்கள். கடைசியில் வெள்ளைக் கொடி பிடித்துக்கொண்டு சிலர் வருகிறார்கள். துப்பாக்கிகளைக் கொடுத்துவிடுங்கள், பத்திரமாக அழைத்துப்போகிறோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். இவர்கள் நம்பி வெளியே வந்ததும் கொன்றுவிடுகிறார்கள்.

எழுதியவர் கெட்டிக்காரர். ஒவ்வொரு அத்தியாயத்தையும் தொடர்கதை மாதிரி சரியான இடத்தில் நிறுத்துவார். யார் உத்தரவு போட்டது, யார் மறைத்தது என்பதுதான் அவருக்கு முக்கியம். எனக்கு அதில் அக்கறை இல்லாமல் போய்விட்டது. ஏனென்றால், எல்லோரையும் கொன்றவர்கள் சின்னக் குழந்தைகளை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். இரக்கம் மட்டும் காரணமில்லை. அவ்வளவு சின்னக் குழந்தைகளுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது, யாரிடமும் சொல்லமாட்டார்கள் என்ற கணக்கு. அந்தக் குழந்தைகளை அந்தப் பக்கத்து வீடுகளிலேயே ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அங்கே சாப்பிட்டு, அங்கே தூங்கி வளர்ந்தார்கள்.

இதற்குமேல் என்னால் அதை வரலாற்றுப் புத்தகமாகப் படிக்க முடியவில்லை. எத்தனை வயதிலிருந்து ஞாபகம் இருக்கும் என்ற ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டினேன்.

பதில் ஒரு மாதிரி கிடைத்தது. பிழைத்த குழந்தைகளில் ஒன்று, வளர்ந்தபின் சொன்னதாக ஒரு பத்தி. அந்தச் சிறுமி வளர்ந்த ஊரில், ஒரு பெண் அவளுடைய அம்மாவின் கவுனை உடுத்திக்கொண்டு நடமாடியிருக்கிறாள். வண்டிகளில் இருந்த சாமான்களைப் பங்குபோட்டுக்கொண்டவர்கள் அல்லவா, கவுனும் ஒரு பங்கு. குழந்தைக்கு மற்றதெல்லாம் கலங்கலாகத்தான் ஞாபகம் இருந்தது. அந்தத் துணி மட்டும் பளிச்சென்று தெரிந்துவிட்டது. அது எங்கம்மாவுடையது என்று.

ரயிலில் அதைப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். இறங்க வேண்டிய இடம் போய், ஆற்றைக் கடந்து, மன்ஹாட்டன் வந்து எல்லோரும் இறங்கியபின்தான் தெரிந்தது. அன்று வேலைக்குத் தாமதமாகப் போய் மேனேஜரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். துணி ஞாபகம் இருக்கும். என் சுங்குடி அங்கே இருக்கிறது. என் மகள் தினமும் அதற்குள்தான் சுருண்டு தூங்குகிறாள். செத்துப்போன ஒருத்தியின் கவுனே பிள்ளைக்கு மறக்கவில்லை என்றால், உயிரோடு இருக்கிற அம்மாவின் சேலை எப்படி மறக்கும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தேன். இங்கே காலையில் கூப்பிட்டால் அங்கே சாயங்காலம். காலிங் கார்டு நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தி, நாம் பேசியது நமக்கே ஒரு தடவை திரும்பிக் கேட்டபின் அக்காவுக்குப் போகும்.

"அக்கா, தூளி கட்டியிருந்தமே, அந்தச் சுங்குடி பத்திரமா இருக்குதா?"

"எந்தச் சுங்குடி?"

"பாக்குக் கலரு. நான் கட்டிட்டுப் போட்டது."

"ஓ, அதா! அது எப்பவோ நைஞ்சு கிழிஞ்சு போச்சு கண்ணு. பாதி ராத்திரில புள்ளையோட கீழ வந்துருமோன்னு பயந்துட்டு அவுத்துட்டன். நல்ல பருத்தியல்ல, கரித்துணிக்கு வெச்சுக்கிட்டன். இப்ப என்ற சீலையத்தான் கட்டியிருக்கறன். நல்லா தூங்கறா."

அக்காவிடம் ஒரு பொட்டுக் கெட்ட எண்ணம் கிடையாது. பழைய சேலை தூளியாகும், தூளி கரித்துணியாகும். எல்லா வீட்டிலும் அப்படித்தான். அவள் வேறு என்னத்தைச் செய்திருக்க முடியும்? சூடான குண்டானை இறக்கிவைக்க என் சேலை போய்விட்டது. நான் போனை வைத்துவிட்டு, குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். குழாயை ஏன் திறந்தேன் என்று தெரியவில்லை. கேட்பதற்கு வீட்டில் யார் இருந்தார்கள்?

அதற்குள் இன்னொன்றும் நடந்திருந்தது. மகள் பேச ஆரம்பித்துவிட்டாள். அக்காவின் பையன்கள் அக்காவை அம்மா என்றார்கள், அவளும் அம்மா என்றாள். போன் வந்தால் பையன்கள் "சித்தி, சித்தி" என்று ஓடிவருவார்கள், அவளும் சித்தி என்றாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அக்கா திருத்திப் பார்த்தாள். "சித்தி இல்ல சாமி, அது உன்ற அம்மா. நான் பெரிம்மா" என்று பின்னால் சொல்வது கேட்கும். உடனே மகள், "சித்தி, நாங்க ஆட்டுக்குட்டி பாத்தமுங்க" என்பாள்.

அந்த "ங்க"-வைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் நன்றாக வளர்த்த பிள்ளைகள் பெரியவர்களிடம் அப்படித்தான் பேசும். சொல்லுக்குச் சொல் மரியாதை. அம்மாவிடம் மட்டும் வா, போ, குடு, இல்லாவிட்டால் ஒரு உதை. அக்காவை அவள் "இங்க வா நீ" என்று அதட்டுவதும், போனை வாங்கியதும் என்னிடம் "நல்லாருக்கீங்களா" என்று விசாரிப்பதும் ஒரே மூச்சில் கேட்கும். கேட்பவர்கள், எவ்வளவு அழகாக வளர்த்திருக்கிறார் உங்கள் அக்கா என்பார்கள். எனக்கு அவள் ஒரே ஒரு தடவை என்னை அதட்டினால் போதும் என்று இருக்கும்.

விட்டேனா? பெட்டியில் இருந்த ஒரு பருத்திச் சேலையை எடுத்தேன். வேலையிலிருந்து வந்ததும் அதைக் கட்டிக்கொண்டு சமைத்தேன், அதிலேயே தூங்கினேன், துவைக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் ஆனபின் முகர்ந்து பார்த்தால் எனக்கே என் வாசனை தெரிந்தது. கீழ்வீட்டு ஆண்ட்டி சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஊருக்குப் போகிறவர்களிடம் ஏதாவது கொடுத்தனுப்புவது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். மடித்து, காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆண்ட்டி பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஏம்மா, எல்லாரும் இங்கேர்ந்து சாக்லேட் குடுப்பாங்க, ஷாம்பூ குடுப்பாங்க. நீ என்ன பழைய காட்டன் புடவைய பேக் பண்ணிக் குடுக்கற? அங்க புடவையே கிடைக்கலியா?"

"அக்காவுக்கு ரொம்பப் புடிச்ச புடவை ஆண்ட்டி."

"ஐயர்ன்கூடப் பண்ணலியேம்மா. நான் வேணா ஒரு வாஷ் போட்டு எடுத்துட்டுப் போகட்டா?"

நான் பதறியதைப் பார்த்து அவருக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். அதற்குமேல் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார். சென்னையிலிருந்து கூரியர் வைத்து, அது ஈரோடு போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்த ஞாயிற்றுக்கிழமை, அக்கா சந்தோஷமாகச் சொன்னாள்.

"சீலை வந்துச்சு கண்ணு. பெட்டிக்குள்ளயே கெடந்து ஒரே வாடை. வந்ததும் சோப்புத்தூள்ல ஊறப்போட்டு நல்லா அலசிட்டன். இப்ப பாரு, புதுசாட்டம் இருக்குது."

சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்வது? சிரித்துக்கொண்டே, எதற்காக அனுப்பினேன் என்பதையும் சொல்லிவிட்டேன். அந்தப் புத்தகத்தையும், கவுனையும், அந்தச் சிறுமியையும் சொன்னேன். லைன் போய்விட்டது என்று நினைத்து "அக்கா, அக்கா" என்றேன். "எனக்கு அது தோணவே இல்ல சாமி" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. அவளைத் தேற்றுவதிலேயே அன்றைக்குக் கார்டு தீர்ந்துபோனது.

ஆறு மாதம் ஒரு வருஷமாகி, அதற்கு மேலும் நீண்டது. பாஸ்போர்ட்டில் இருந்த விசா முடிந்துபோய்விட்டது. இங்கே நீட்டித்துக் கொடுத்த காகிதம் இருக்கிறது, ஆனால் ஊருக்குப் போனால் சென்னையில் வரிசையில் நின்று புதிதாக முத்திரை வாங்க வேண்டும். "இப்போ ஸ்டாம்பிங்ல ரொம்ப ரிஜெக்ட் பண்றாங்களாம். போனா அங்கயே மாட்டிக்குவ" என்று ஆளுக்கு ஆள் ஒரு கதை சொன்னார்கள். நானும் அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதும் மறுபடி எடுப்பதுமாக இருந்தேன். நூலகத்தில் முத்திரை குத்துகிற அம்மையார், இதை வைத்து ஏதாவது கட்டுரை எழுதுகிறாயா என்று ஒருநாள் அன்பாகக் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் அந்தக் காலத்து வண்டிப் பாதைகளைப் பற்றி இன்னும் இரண்டு தடிப் புத்தகங்களைத் தேடி எடுத்துக் கொடுத்தார். மரியாதைக்கு அவற்றையும் சுமந்துகொண்டு வந்தேன்.

இரண்டாயிரம் பிறந்தது. கம்ப்யூட்டர் எதுவும் குழம்பவில்லை. அந்தக் கோடையில் என் கணவர் துணிந்து ஊருக்குப் போனார். முத்திரை கிடைத்தது. மகளுக்கும் விசா வாங்கி, அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் புத்தகத்தை நூலகத்தில் போட்டுவிட்டு வந்தேன். அப்படி ஒரு கதை வீட்டில் இருக்க வேண்டாம் என்று தோன்றியது.

நியூவர்க் விமான நிலையத்தில் அவள் தள்ளுவண்டிமேல், பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தாள். நான்கு வயது. எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை, மடியில் ஒரு துணிப்பை. என்னைப் பார்த்ததும் இறங்கி நின்று, "வாங்க" என்றாள். ஈரோட்டில் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்படிச் சொல்லத்தான் பழக்கியிருந்தாள் அக்கா. ஊரே அவளுடையது, வந்தவள் நான் என்கிற மாதிரி. நான் கட்டிக்கொண்டபோது கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, முடியும்வரை பொறுமையாக நின்றாள்.

துணிப்பைக்குள் அக்காவின் சேலை இருந்தது. பச்சையில் மஞ்சள் கரை, வீட்டில் கட்டுகிற சேலை. அன்று போனில் அக்கா சொன்னாள்: "நீ அன்னிக்குச் சொன்னது மனசுலயே இருந்துச்சு கண்ணு. அதனாலதான் அலசாமக் குடுத்தனுப்பியிருக்கறன். அங்க வந்து ஏங்கிப்போயிருவா. அத அவ பக்கத்துல போடு. நீயும் அலசிப்போடாத."

மகள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. சாதம் வைத்தால் சாப்பிட்டாள், "போதுமுங்க" என்றாள். குளிக்க வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். எங்கே போனாலும் சேலையை இழுத்துக்கொண்டே போனாள். அதைச் சோஃபாவில் விரித்து, கரையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துத் தூங்கினாள். ஒருநாள் காலையில், "நாங்க எப்பங்க ஊருக்குப் போறது?" என்று என் கணவரைக் கேட்டாள். அவர் டிவியைப் போட்டார். இரண்டு வாரம் இருந்துவிட்டு அவரும் டெக்சஸ் திரும்பினார். எனக்கு வங்கியில் இன்னும் ஒரு வாரம் லீவு இருந்தது.

அந்த வாரத்துச் சனிக்கிழமை காலை. அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. சேலை அவள் கையிலிருந்து நழுவிக் கீழே கிடந்தது. எடுத்து மடிக்கலாம் என்று குனிந்தேன். தேங்காய் எண்ணெயும் சீயக்காயும் அடுப்படியுமாக அக்கா வாசனை வந்தது. என்னையும் ஒரு வயதுக்குமேல் தூக்கி வளர்த்தவள் அக்காதான். எனக்கே அந்தச் சேலைமேல் ஆசையாக இருந்தது. அப்புறம் ஒரு யோசனை வந்தது. இதை நான் கட்டிக்கொண்டால், அக்கா வாசனையும் என் வாசனையும் ஒன்றாகக் கலந்துவிடும் அல்லவா? பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக அவள் என் பக்கம் திரும்பிவிடுவாள். துணியின் மகிமையைப் புத்தகத்தில் படித்தவள் நான். நைட்டியின் மேலேயே சேலையைச் சுற்றி, முந்தானையை அக்கா மாதிரி இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அடுப்பங்கரைக்குப் போய்த் தோசை வார்க்க ஆரம்பித்தேன்.

பின்னால் கார்ப்பெட்டில் ஓடிவருகிற சத்தம் கேட்டது.

"அம்மா!"

இரண்டு கைகள் என் கால்களைப் பின்னாலிருந்து இறுக்கிக் கட்டிக்கொண்டன. முகத்தைச் சேலைக்குள் புதைத்துக்கொண்டு, "எங்க போயிட்ட நீ? எங்க போயிட்ட?" என்று அதட்டினாள். முஷ்டியால் தொடையில் குத்தினாள். நான் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளாக ஏங்கிக்கிடந்த அதட்டல் அதுதான். கையில் கரண்டியோடு அப்படியே நின்றேன். தோசை கருகுகிற வாடை வந்தது. அது என்னைக் கூப்பிட்டதில்லை என்று எனக்கு முதல் நொடியிலேயே தெரியும். தெரிந்தும் நகரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று நின்றேன்.

புகை வந்து அலாரம் அலறியது. அடுப்பை அணைக்கக் கையை நீட்டியபோது உடம்பு திரும்பிவிட்டது. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

கையை எடுத்துவிட்டாள். இரண்டடி பின்னால் போனாள். அப்போதும் மரியாதை குறையவில்லை.

"இது எங்கம்மா சீலைங்க. கழட்டிருங்க."

புகை வெளியேற ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு, நான் சேலையைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தேன். அவள் ஒரு முனையைப் பிடித்து, அவிழ அவிழத் தன் மார்போடு சேர்த்து அள்ளிக்கொண்டாள். துளிகூடத் தரையில் படவிடவில்லை. நைட்டியோடு நின்ற என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, சேலையோடு சோஃபாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்போதுதான் அழுதாள். வந்த நாளிலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

இரண்டு வருஷமாக அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் அந்தப் பள்ளத்தாக்கில் செத்துக்கிடந்த அம்மா. கவுன் என்னுடையது, குழந்தை என்னுடையது. அந்தக் கவுனை உடுத்திக்கொண்டு நடமாடிய பெண்ணை மனசுக்குள் எத்தனை திட்டு திட்டியிருப்பேன்! அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. என் மகள் இரண்டடி தள்ளி நின்று பார்த்த முகம்தான் அது. நான் யாரையும் கொல்லவில்லை, எதையும் கொள்ளையடிக்கவில்லை, பெற்ற பிள்ளையைத்தான் வரவழைத்துக்கொண்டேன். அவளுக்கு அதெல்லாம் தெரியுமா? அவளுடைய அம்மாவைக் காணோம், அம்மாவின் சேலையை வேறொருத்தி கட்டியிருக்கிறாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

மத்தியானம் அவளைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். அவள் படப் புத்தகங்களுக்கு நடுவில், மடியில் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். நான் அந்த அலமாரிக்குப் போய் நின்றபடியே கடைசி அத்தியாயத்தைத் தேடினேன். அரசாங்க ஆள் வந்து அந்தக் குழந்தைகளைத் தேடிச் சேர்த்து, ஆர்கன்சாவில் உள்ள உறவுக்காரர்களிடம் அனுப்பிவைக்கிற இடம். நல்ல முடிவு என்று நான் வேகவேகமாகப் புரட்டிப்போன இடம். அங்கே ஒரே ஒரு வரி இருந்தது. வளர்த்தவர்களை விட்டுக் கிளம்பும்போது சில குழந்தைகள் அழுதன என்று. அடுத்த வரியில் ஆசிரியர் விசாரணைக்குப் போய்விட்டார். அழுத பிள்ளைகள் அப்புறம் எப்போது நிறுத்தின, ஊரில் யாரை அம்மா என்று கூப்பிட்டன, அதெல்லாம் அவர் எழுதவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் எதையும் சொல்லவில்லை. மகளே போனைப் பிடுங்கிச் சொன்னாள். "அம்மா, சித்தி உன்ற சீலையக் கட்டிட்டாங்க. நான் வாங்கி வெச்சுட்டன். நீ எப்ப வர்ற?"

அக்கா அவளைத் திருத்தினாள். "நான் அம்மா இல்ல சாமி. நான் பெரிம்மா. உன்ற அம்மா அங்கதான் இருக்கறா, உன்ற பக்கத்துலயே. அவகிட்டப் போனக் குடு" என்றாள். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்குக் கேட்டது. நான் அவசரமாக எடுத்து, "அக்கா, அப்படிச் சொல்லாத. அவ கூப்புட்டுட்டுப் போறா. விடு" என்றேன். இரண்டு பக்கத்து அழுகையும் எதிரொலித்து எதிரொலித்துத் திரும்பி வந்தது.

அந்த வருஷக் கடைசியில் எனக்கும் டெக்சஸில் வேலை கிடைத்தது. ஃபிரிஸ்கோவில், மரம் மட்டை இல்லாத புதுத் தெருவில், பெயிண்ட் வாடை போகாத வீட்டில் மூன்று பேரும் முதல் தடவையாக ஒன்றாக இருந்தோம். மகள் டேகேருக்குப் போனாள். அங்கே எல்லாக் குழந்தைகளும் சாயங்காலம் வாசலில் அம்மாவைக் கண்டதும் "மாமி" என்று ஓடுவதைப் பார்த்தாள். ஒருநாள் அவளும் அப்படியே ஓடிவந்தாள். மாமி என்பது சீக்கிரமே மாம் ஆனது. "ங்க" உதிர்ந்தது. தமிழும் பாதி உதிர்ந்தது. இப்போது என்னை அதட்டுகிறாள், கதவைச் சாத்துகிறாள், "மாம், நோ!" என்கிறாள். கோயிலில் பார்க்கிறவர்கள், அப்படியே உங்கள் ஜாடை என்கிறார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் மட்டும் அவள் ஓடிப்போய் எடுத்து, "அம்மா" என்கிறாள். அக்கா இப்போதெல்லாம் திருத்துவதில்லை. நான்தான் வேண்டாமென்று சொல்லியிருக்கிறேன்.

பச்சைச் சேலை அவள் அலமாரியில் இருக்கிறது. வாரா வாரம் வீட்டுத் துணியெல்லாம் மெஷினுக்குப் போகும், அது மட்டும் போகாது. வாசனை எப்போதோ போயிருக்கும். நான் முகர்ந்து பார்ப்பதில்லை.

காலையில் தோசை வார்க்கும்போது சில நாள் பின்னால் அவள் ஓடிவருகிற சத்தம் கேட்கும். கேட்டாலும் நான் உடனே திரும்பமாட்டேன். அடுப்பைப் பார்த்தபடி, கொஞ்ச நேரம் அப்படியே நிற்பேன்.